விளைநிலமா, வலைநிலமா?



காரைக்குடிக்கு அணித்தே உள்ள கண்டனூரில், புதுவயல் அரிசி ஆலைகளோடு நெல் வணிகத் தொடர்பு கொண்டு குடியமர்ந்த நம்மவர் குடும்பம் ஒன்று உண்டு. ஊர்ப்புறத்தே அவர்களுக்கு 3 ஏக்கர் புஞ்சை. மழை பெய்தால் கொள்ளு, பொய்த்தால் தரிசு. அந்நிலத்தை ஒருவர் குத்தகைக்குக் கேட்டார். அவர் தருவதாகச் சொன்ன தொகை, அந்நிலம் எந்த ஆண்டிலும் ஈட்டித் தந்திராத தொகை. நிபந்தனையோ மிக எளியது. தட்டைப்பயறும் கொள்ளும் அவரே விதைத்து விடுவார். நிலத்துக்கு வேலி இடலாகாது. இரவில் காவல் இருத்தலாகாது. அறுவடைக்கு அவர் வரமாட்டார். அறுக்க விரும்பாதவன் விதைப்பது எதற்கு என்று குடும்பத்துப் பெரியவர் வினவினார். "காட்டு மான் வந்து மேயும், அவ்வளவுதான், மேற்கொண்டு நீங்கள் கேட்க வேண்டாம்" என்று மறுமொழி வந்தது.

அக்குடும்பத்து இளைஞர் ஒருவர் சில ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்து திரும்பியவர். "அங்கே இது அன்றாட வழக்கம். குறைந்த செலவில், பராமரிப்பே இன்றி, மானுக்கென்று தீவனப் பாத்தி போடுகிறார்கள். நாம் உணவு இடுகிறோம்; உணவிடுவது தானம். பிறகு எவனோ ஒருவன் கொன்றால் அவன் வினை அவனைச் சேரும். நம்மை எப்படிச் சேரும்?" என்பது அவர் வாதம். பெரியவர் மனம் ஒப்பவில்லை. எனினும் அத்தொகையால் ஒரு பழங்கடன் தீரும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. இருவரும் கலந்து, இதற்கு ஆகம வழியில் விடை கூறுமாறு நமக்கு எழுதினர். ஒரு குடும்பத்தின் ஐயம்தான் என்றாலும், நிலம் வைத்திருக்கும் நம் குடும்பங்கள் அனைத்துக்கும் என்றேனும் வரக்கூடிய ஐயம் ஆதலின், இவ்விதழில் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் இளைஞர் குறிப்பிட்ட வழக்கம் யாதெனத் தெரிந்துகொள்வோம். அமெரிக்க நாட்டில் வெள்வால் மான் என்னும் இனம் மிகுதி. இலையுதிர் காலம் அங்கு வேட்டைப் பருவம். அப்பருவத்துக்கு முன்னரே காட்டோரத்தில் கால் ஏக்கர், அரை ஏக்கர் என இடம் திருத்தி, மண்ணின் புளிப்பு நீங்கச் சுண்ணாம்பு தூவி, குளோவர் என்னும் மூவிலைத் தீவனம், சிக்கரி, ஓட்ஸ், ரை, டர்னிப் முதலியவற்றை விதைப்பர். உழாமலே, மழைக்கு முன் கையால் தூவிச் செல்வாரும் உளர். குளோவர் ஒருமுறை வேரூன்றினால் சில ஆண்டுகள் நிற்கும். ஆகவே செலவும் குறைவு, உழைப்பும் குறைவு. அந்தியிலும் வைகறையிலும் அங்கு வந்து மேய்வது மானுக்குப் பழக்கமாகிவிடும். காற்று எத்திசையில் வீசும், மனித உடலின் வாடை மானுக்கு எட்டாதிருக்க எம்மரத்தில் பரண் கட்டலாம் என்பனவெல்லாம் விதைக்கும் முன்னரே கணிக்கப்படுகின்றன. வயிறார மேய்வதற்கென்று பெரிய பாத்திகள். அவற்றுக்கும் மான் படுத்துறங்கும் புதருக்கும் இடையே, பரணுக்கு அண்மையில் ஒரு சிறு பாத்தி. இச்சிறு பாத்திக்குக் 'கொல்லும் பாத்தி' என்னும் பொருள்படவே அவர்கள் தம் மொழியில் பெயரிட்டு வழங்குகின்றனர். அந்த வெளிப்படையை ஒரு வகையில் பாராட்டலாம். பெயரிலேனும் பொய் இல்லை.

அங்கும் துப்பாக்கி தொடாமல், கண்டு களிப்பதற்கென்றே விதைப்போர் உண்டு. எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்த நாம் விரும்பவில்லை. ஒன்றை மட்டும் கருதுக. பல மாநிலங்களில் தானியத்தைக் குவித்து வைத்து, தின்ன வரும் மானைச் சுடுதலைச் சட்டம் தடுக்கிறது. முளைத்து நிற்கும் பயிரில் மேயும் மானைச் சுடுதலைத் தடுப்பதில்லை. குவித்தால் குற்றம், முளைத்தால் குற்றமன்று! இப்படி ஒரு வேறுபாட்டைச் சட்டம் வகுத்துக் கொள்ளலாம். இரண்டிலும் மானுக்கு நேர்வது ஒன்றேயன்றோ?

இது அயல்நாட்டுப் புதுமை என்று எண்ணி நாம் அமைதி கொள்ளவும் இடமில்லை. 'பார்வை' என்ற சொல்லுக்குக் கண்ணோட்டம் என்பதே இன்று நாம் அறிந்த பொருள். பழந்தமிழில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. காட்டு மானை மருட்டி அருகே வரவழைக்க வேடர் பழக்கி வைத்திருந்த வளர்ப்பு மானுக்குப் 'பார்வை' என்று பெயர். எயினர் குடியிருப்பின் முற்றத்தில், விளா மரத்து நிழலில் அத்தகைய மான் கட்டப்பட்டிருந்ததைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. அந்த மானுக்கும் வேடன் நாள்தோறும் தழை ஒடித்துப் போட்டிருப்பான், நீர் காட்டியிருப்பான். வெயிலில் வாடாதிருக்க நிழலில் கட்டியிருப்பான். அதனை எவரேனும் ஜீவதயை என்பரோ?

இனி ஆகமம் கூறுவதைக் காண்போம்.

நம் ஸ்ரீபுராணம் படிக்கப்படும் இல்லங்களில் நேமிநாத சுவாமியின் வரலாறு சிறுவரும் அறிந்தது. ராஜமதியை மணக்கத் தேரேறிப் புறப்பட்ட நேமி குமாரன், வழியில் வேலி கட்டி அடைக்கப்பட்ட மான் கூட்டங்களைக் கண்டான். அவை எதற்கு என்று காவலரை வினவினான். மணவிருந்துக்கு என்றனர். தேர் திரும்பியது, குமாரன் ஊர்ஜயந்தகிரியாகிய கிர்நார் மலைக்குத் தவம் மேற்கொள்ளச் சென்றான். குணபத்திராச்சாரியார் இயற்றிய உத்தர புராணத்தின்படி, அம்மான்களை வேடரைக் கொண்டு பிடித்து அடைப்பித்தவன் கண்ணனே. நேமிக்குத் துறவுள்ளம் பிறக்க வேண்டும் என்பது அவன் கருத்து. இவ்வரலாற்றை நாம் பன்முறை கேட்டிருந்தும் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. விருந்துநாள் வரை அம்மான்களை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்றால், வேலிக்குள் புல்லும் நீரும் இட்டுத்தானே ஆக வேண்டும்? நேமி குமாரன் கண்டபோது அவை பட்டினியாக நின்றன என்று கொள்ளத் தேவையில்லை. உண்டு கொழுத்தே நின்றிருக்கலாம். "இவற்றுக்கு நாள்தோறும் தீனி இடுகிறோம், சுவாமி" என்று காவலர் கூறியிருந்தால் தேர் திரும்பாது சென்றிருக்குமோ? குமாரன் வினவியது மானுக்கு இடும் உணவைப் பற்றியன்று. மானை அங்கு நிறுத்திய கருத்தைப் பற்றி. 'எதற்கு?' என்ற அவ்வொரு வினாவையே கண்டனூர்ப் பெரியவரும் கேட்டார். 'கேட்க வேண்டாம்' என்ற மறுமொழியே அவருக்குப் போதிய விடை என்பது நம் துணிபு.

உமாசுவாமி பகவான் தத்துவார்த்த சூத்திரத்தில் தானத்துக்கு இலக்கணம் வகுக்கும்போது, பிறர்க்கு நன்மை ஆகும்பொருட்டுத் தன் உடைமையைத் துறத்தலே தானம் என்ற கருத்தை அமைத்துள்ளார். இதில் இரண்டு உறுப்புகள் உள்ளன. ஒன்று, பெறுகின்ற உயிருக்கு நன்மை. மற்றொன்று, கொடுப்பவன் அப்பொருளை விட்டுவிடுதல். வேட்டைக்காக விதைத்த பாத்தியில் இரண்டும் இல்லை. மானுக்கு நன்மை கருதப்படவில்லை என்பது வெளிப்படை. விட்டுவிடுதலும் இல்லை, போட்ட பயற்றைத் தசையாகத் திரும்பப் பெறும் கணக்கு அது. வட்டிக்குக் கொடுத்த பணத்தைத் தானம் என்று எவரும் எழுதி வைப்பதில்லையே! ஆதிபகவனுக்கு அஸ்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன் கரும்பின் சாற்றை அளித்த நாளை அட்சய திருதியை என்று நாம் போற்றுகிறோம். ஆகார தானம் அன்று தொடங்கிற்று. அதே அஸ்தினாபுரத்தில் தோன்றியவரே 16ஆம் தீர்த்தங்கரராகிய சாந்திநாத சுவாமி. அவர் இலாஞ்சனம் மான். நம் ஜினாலயங்களில் அவர் பீடத்தின்கண் மான் அமைதியாக இருக்கக் காண்கிறோம். ஆகார தானத்தின் பெயரைச் சொல்லி மானை வலைக்குள் அழைப்பது, அப்பீடத்துக்கு எதிரே நின்று சொல்லக்கூடிய சொல்லன்று.

"கொல்பவன் வேறொருவன்" என்னும் வாதத்துக்கு வருவோம். இதுவே கேள்வியின் நடுவிடம்.

நாம் ஜபமாலையில் 108 மணிகளை உருட்டுகிறோம். அவ்வெண்ணுக்குத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் கணக்கு உண்டு. சமரம்பம், சமாரம்பம், ஆரம்பம் என வினையின் படிகள் மூன்று. மனம், வாக்கு, காயம் என யோகம் மூன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று. சினம், செருக்கு, வஞ்சம், வேட்கை எனக் கஷாயம் நான்கு. பெருக்கினால் 108. ஜபத்தின்போது இக்கணக்கை நினைப்பவர் நம்மில் எத்துணைப் பேர் என்று நாம் கேட்கப் போவதில்லை! இவற்றுள் சமரம்பம் என்பது செய்யத் துணிதல். சமாரம்பம் என்பது அதற்குரிய கருவிகளைத் திரட்டுதல். ஆரம்பம் என்பது செயலைத் தொடங்குதல். மானைக் கொல்லும் எண்ணத்துடன் பயறு விதைத்தல் சமாரம்பம் அன்றி வேறு என்ன? விதை முளைக்கும் முன்னரே, ஒரு மானும் அப்பக்கம் எட்டிப் பாராத நிலையிலேயே, விதைத்தவனுக்கு வினை வந்து சேரத் தொடங்கிவிட்டது. மான் வராமலே போயினும் அவ்வினை வாராமல் போகாது.

நிலத்தைத் தருபவனோ எனில், அவன் உடன்படுபவன். செயலின் கருத்தை அறியாது தந்தால் ஒரு நிலை. அறிந்து தந்தால் வேறொரு நிலை. அறிந்து செய்தது, அறியாது செய்தது என்ற வேறுபாட்டால் வினைவரவு மிகும், குறையும் என்பதையும் அதே அத்தியாயம் கூறுகிறது. 'கேட்க வேண்டாம்' என்று ஒருவன் சொன்ன பிறகு கேளாதிருப்பதோ, அறியாமை ஆகாது. காதைப் பொத்திக் கொண்டதனால் மணி அடிக்கவில்லை என்று எவரும் வாதிட முடியாது.

இன்னும் ஒன்று. சிராவகர்க்குரிய குணவிரதங்களில் அனர்த்ததண்ட விரதம் ஒன்று. பயனின்றித் தீமைக்கு இடம் கொடுக்கும் செயல்களை விலக்குவது அது. அதன் ஐந்து பகுதிகளுள் பாபோபதேசம் என்பதை விளக்க வந்த அகளங்க தேவர் தம் ராஜவார்த்திகத்தில் வதகோபதேசம் என்ற ஒன்றைக் கூறுகிறார். வலை வைப்போர், பன்றி பிடிப்போர், பறவை பிடிப்போர் முதலியோரிடம், 'இன்ன இடத்தில் மான் உண்டு, இன்ன இடத்தில் பறவை உண்டு' என்று வாயால் சொல்வதே அது. இடம் சொல்வதே விரதத்துக்கு ஊறு என்றால், இடத்தையே கொடுப்பதை என்னென்பது? சமந்தபத்திர சுவாமியின் ரத்னகரண்டகத்தைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பு நம் வீடுகளில் இருக்கும். அதில் கொலைக்கருவிகளை ஈவதைப் பற்றிய பகுதியையும் உடன் வைத்துப் படித்துப் பார்க்குமாறு இளைஞரைக் கேட்டுக் கொள்கிறோம். வாளும் மழுவும் கருவி என்பதில் ஐயமில்லை. கொள்ளும் பயறும் எப்போது கருவியாகும் என்பதே இங்குச் சிந்திக்க வேண்டுவது.

இவ்விடத்தில் உழவுத் தொழில் புரியும் நம் குடும்பத்தார் சிலர்க்கு ஓர் அச்சம் எழலாம். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் நம்மவர் பலர் வழிவழியாக ஏர் பிடித்தவர்கள். உழும்போது எத்தனையோ சிற்றுயிர்கள் மடிகின்றன. அப்படியாயின் நாமும் வேடனும் ஒன்றா என்பது அவ்வச்சம். ஒன்றல்ல என்று கி.பி. 959இல் யசஸ்திலகம் இயற்றிய சோமதேவ சூரி தெளிவாக விடை தந்துள்ளார். உழவனையும் மீன் பிடிப்பவனையும் அவர் அருகருகே நிறுத்துகிறார். உழவன் கையால் உயிர்கள் மடிந்தாலும் அவன் எண்ணம் பயிரில் உள்ளது. மீன் பிடிப்பவனோ தூண்டிலில் ஒரு மீனும் சிக்காத நாளிலும் கொலை எண்ணத்தோடே கரையில் அமர்ந்திருக்கிறான். பாவம் மிகுவது இரண்டாமவனுக்கு. இல்லறத்தானுக்கு உத்யோக இம்சை முற்றும் தவிர்க்க இயலாதது; சங்கற்ப இம்சையோ அறவே விலக்கத் தக்கது என்று ஆசிரியர்கள் வகுத்ததும் இதனாலேயே. இனி, மானுக்கு வலையாகப் பயறு விதைப்பவனை நோக்குங்கள். கையைப் பார்த்தால் உழவன். தோளில் விதைக்கூடை இருக்கிறது. நிலத்தில் ஈரம் இருக்கிறது. முளை பசுமையாக எழுகிறது. உள்ளத்தைப் பார்த்தால் தூண்டிலோடு கரையில் அமர்ந்தவன். உழவின் தூய்மையைக் கொலைக்குப் போர்வையாக்குகிறான் என்பதனால், வெளிப்படையாக வில்லேந்திய வேடனைவிட இவன் ஒருபடி கீழே நிற்கிறான் என்றே நாம் கருதுகிறோம். கஷாயம் நான்கினுள் வஞ்சமும் இங்குச் சேர்ந்துவிட்டது அன்றோ?

யசோதர காவியத்தை இதனோடு ஒப்பிடலாம். மாவினால் செய்த கோழியைப் பலியிட்டவன் யசோதரன். அங்கு உயிர் இல்லை, குருதி இல்லை. எனினும் கொல்லும் கருத்து இருந்தமையால் அவனும் அவன் தாயும் விலங்குப் பிறவிகள் பல எடுத்து உழன்றனர். அங்கே கோழி பொய், கருத்து மெய். இங்கே பயறு மெய், தானம் பொய்.

சட்டத்தையும் சொல்லிவிடுவோம், அஞ்சுபவர்க்கு அதுவும் பயன்படும். 1972ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குக் கொல்லுதல் மட்டும் பொருளன்று. கண்ணி வைத்தல், பொறி வைத்தல், விரட்டுதல், இரை காட்டி ஈர்த்தல், இவற்றுக்கான முயற்சி யாவும் வேட்டையே. புள்ளிமான் வேட்டை நம் நாட்டில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சமாரம்பம் என்று ஆகமம் சுட்டியதை முயற்சி என்று சட்டமும் சுட்டுகிறது. குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திடும் பெரியவர் இதனையும் நினைவில் கொள்வாராக.

உணவில் கொலையை ஒளித்து வைத்தல் எத்துணைக் கொடிது என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டா. 2020ஆம் ஆண்டு மே மாதம் கேரளத்தில், வெடிமருந்து பொதிந்த காயைக் கடித்து வாய் சிதைந்த சூல்யானை ஒன்று ஆற்றுநீரில் நின்றவாறே உயிர்விட்டது. காட்டுப் பன்றிக்கு வைத்தது யானைக்கு ஆயிற்று என்றனர். மானுக்கு விதைத்தது மானோடு நிற்கும் என்பதற்கும் உறுதி இல்லை. கண்ணிக் கம்பிக்கும் திருட்டு மின்வேலிக்கும் ஆடும் மாடும் மட்டுமன்றி, விடியலில் வயலுக்குச் சென்ற மனிதரும் இரையானதை நாம் செய்தித்தாள்களில் பன்முறை படித்திருக்கிறோம்.

இனி, இளைஞர் பக்கத்தில் உள்ள நியாயத்தையும் மறுக்கலாகாது. குத்தகைக்காரரை விலக்கிவிட்டு, கொலை எண்ணம் சிறிதும் இன்றி, அன்பினால் மட்டுமே அந்த 3 ஏக்கரில் மானுக்குப் பயறு விதைத்தால் என்ன? அது கருணா தானம் ஆகாதா? கருத்தளவில் ஆகும். ஆயினும் தானத்தில் கருத்து மட்டும் போதாது. விதி, திரவியம், கொடுப்போன், கொள்வோர் என்னும் நான்கின் சிறப்பால் தானம் சிறக்கும் என்றே சூத்திரம் கூறுகிறது. கொடுக்கும் முறையும் கொடுக்கும் பொருளும் பொருந்த வேண்டும்.

புள்ளிமான் எப்படிப்பட்ட உயிர் என்று பாருங்கள். புல்லே அதற்கு முதன்மை உணவு. உதிர்ந்த இலை, பூ, இலந்தை முதலிய கனிகள், வேல மரத்து நெற்று ஆகியவற்றையும் பொறுக்கி உண்ணும். கூட்டமாக வாழும். நாள்தோறும் நீர் வேண்டும். கலைமானின் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாக முளைக்கும். பிணைமான் பெரும்பாலும் ஒரு மறியே ஈனும். அம்மறியைப் புதரில் மறைத்து வைத்துவிட்டு மேயச் செல்லும். அச்சமே அதன் காவல். ஊரோரத்தில் பயிர் வைத்து, மனித வாடைக்கு அஞ்சாதபடி அதனைப் பழக்கினால் அக்காவலை நாமே பறித்தவர் ஆவோம். ஊர் நாய்கள் சூழும். சாலையைக் கடக்கும்போது வண்டிகள் மோதும். நம் வயலில் மேய்ந்தது போதாமல் அடுத்தவர் நிலக்கடலையில் இறங்கும். அவரோ நம்மைப்போல் அருகன் அடிபணிபவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அன்போடு அழைத்த மான் அடுத்த வரப்பில் மடியும். தானியத்தைத் திடீரெனக் கொட்டுவது இன்னும் தீது. அசை போடும் விலங்கின் வயிறு அதற்குப் பழகாமையால் புளித்து, வயிறு நிறைந்த நிலையிலேயே அது இறப்பதும் உண்டு. அமெரிக்காவில் 1967இல் கொலராடோ மாநிலத்தில் முதலில் காணப்பட்ட, மானை மெலிவித்துக் கொல்லும் ஒரு மூளை நோய் பின்னர்ப் பல மாநிலங்களுக்குப் பரவியது. ஒரே இடத்தில் மான்கள் முகத்தோடு முகம் வைத்து மேயக் கூடுவது அந்நோய் பரவத் துணை செய்யும் என்பதால், தீனி கொட்டுவதைப் பல இடங்களில் தடுத்துள்ளனர். சென்னையில் கிண்டிக் காட்டை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் இறந்த புள்ளிமான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் பைகள் இருந்தன. தின்பண்டத்தின் வாடை ஏறிய பை என்பதனால் அவை விழுங்கியவை அவை.

ஆகவே கண்டனூர்க் குடும்பத்தார்க்கு நாம் கூறும் யோசனை வேறு.

செட்டிநாட்டு மண் செம்பூராங்கல் மண். காரைச் செடி மிகுந்தமையால் காரைக்குடி எனப் பெயர் வந்தது என்பர். காரை, சூரை, களா, இலந்தை, ஆவாரை, விராலி இவை அங்கு எவரும் விதைக்காமல் விளைபவை. இவற்றை அழித்து ஒருபுறம் தைல மரக் காடுகள் எழுந்தன. மறுபுறம் சீமைக்கருவேலம் படர்ந்தது. தைல மரத்து இலையை மான் உண்ணாது. ஊருக்குள் அது வருவது கொழுப்பினால் அன்று. இருந்த இடத்தில் புல்லும் நீரும் இல்லாமையால். மானுக்குத் தீவனப் பாத்தி வேண்டுமென்றால் அதற்குரிய இடம் காடு. ஊரார் கூடி, வனத்துறையின் இசைவோடு, காட்டை ஒட்டிய புறம்போக்கிலும் கோயில் காடுகளிலும் சீமைக்கருவேலத்தை அகற்றி, நாட்டுப் புல்லும் இலந்தையும் களாவும் தாமே தழைக்க விட்டால் விதைச்செலவு இல்லை, நீர்ச்செலவு இல்லை. ஆடு மாடுகளைச் சில மழைக்காலம் அங்கு விடாதிருக்கும் பொறுமை ஒன்றே செலவு. அது சிறு செலவன்று என்பதை ஆடு வளர்ப்போர் அறிவர். அவர்களைக் கலவாமல் இதில் இறங்கக் கூடாது.

நகரத்தார் பெருமக்கள் வெட்டிய ஊருணிகள் செட்டிநாடெங்கும் உள்ளன. ஊருக்கு நடுவே உள்ளவற்றை விடுக. ஊருக்குப் புறம்பே தூர்ந்து கிடப்பவற்றில் வரத்துக்காலைத் திருத்திச் சேற்றை அகற்றினால், பங்குனி, சித்திரை வரையிலும் நீர் நிற்க வாய்ப்புண்டு. கரையைச் செங்குத்தாக வெட்டாமல் ஒரு பக்கமேனும் சரிவாக விட வேண்டும். இறங்கிய மான் ஏற வேண்டுமே.

அதே மாவட்டத்தில் திருப்பத்தூருக்கு அருகே வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டி என்னும் சிற்றூர்கள் உண்டு. அவ்வூர்க் கண்மாய்கள் 1977ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. கண்மாய் மரங்களில் கூடு கட்டும் பறவைகள் அஞ்சும் என்று அவ்வூர் மக்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. ஊர்ப் பெயரில் 'வேட்டம்' என்னும் ஒலி இருக்கிறது. ஊரில் அது இல்லை. அவர்கள் சமணர் அல்லர். நமக்கோ தீபாவளி, மகாவீர சுவாமி வீடுபேறு அடைந்த நாள். அந்நாளில் நம் தெருக்களில் கேட்கும் வெடியோசையைப் பற்றி இங்கு விரித்துரைக்க விரும்பவில்லை. வேறோர் இதழில் எழுதுவோம். அவ்வூரார் பறவைகளை இரை தூவி அழைக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக் கொள்வோம். அவை தாமே வந்தன. வந்த இடத்தில் அஞ்சாதிருக்கச் செய்தனர். நான்கு தானங்களில் அபய தானம் என்பது அதுவே. ராஜஸ்தானத்தில் வெளிமான்களைத் தம் மக்களைப்போல் காக்கும் விஷ்ணோயி மக்களும் இவ்வழியினர். வெட்டப்பட்ட வன்னி மரங்களைத் தழுவி நின்று 1730இல் கேஜர்லி என்னும் ஊரில் அவர்களில் 363 பேர் உயிர் நீத்தனர்.

இப்பகுதி நம் முன்னோர்க்கு அயலிடம் அன்று. குன்றக்குடிக் குகையில் பிராமி எழுத்து உண்டு. தேவகோட்டைக்கு அருகே அனுமந்தக்குடியில் மழவநாதர் என்ற பெயரில் ஜினர் கோயில் கொண்டிருக்கிறார். வடக்கே புதுக்கோட்டைச் சீமையில் சித்தன்னவாசல். அங்கு அறிவர் கோயில் விதானத்தில் தீட்டிய தாமரைக் குளத்தைக் காணாதவர் இலர். பகவானின் சமவசரணத்தைச் சூழ்ந்த காதிகா பூமி அது என்று அறிஞர் கூறுவர். மீனும் அன்னமும் யானையும் எருமையும் அக்குளத்தில் இருக்கின்றன. உடன் பவ்வியர்கள் மலர் கொய்கின்றனர். ஒன்றை மற்றொன்று அஞ்சவில்லை. சமவசரணத்தில் மானும் புலியும் அருகருகே அமர்ந்து திவ்யத்வனி கேட்டன என்று புராணங்கள் கூறும். அங்கு அவற்றை எவரும் தீனி காட்டி அழைக்கவில்லை.

பழங்கடன் பற்றி ஒரு சொல். கடனைத் தீர்ப்பதும் அறமே. அதனை நாம் எளிதாகக் கருதவில்லை. பயற்றை அறுத்து விற்கும் மெய்யான உழவர் ஒருவர்க்கு அந்நிலத்தைக் குறைந்த தொகைக்கு விடலாம். கடன் தீர மேலும் சில ஆண்டுகள் ஆகும்; ஆகட்டும். குத்தகைப் பத்திரத்தில் கண்ணியும் மின்வேலியும் வைக்கலாகாது என ஒரு வரி சேர்த்து எழுதிக் கொள்க. முதலில் வந்தவர் வேறொருவர் நிலத்தைத் தேடிப் போகக்கூடும் என்று பெரியவர் கவலைப்பட்டிருந்தார். அக்கவலை நியாயமானது. ஆகவே மறுப்பதோடு நில்லாமல், வனச்சரக அலுவலகத்தில் நேரில் சென்று செய்தியைச் சொல்லிவிடுவதும் அபய தானத்தில் அடங்கும். ஒருவர் மீது பகை வேண்டா. அவர் பெயரைத் தெருவில் பேச வேண்டா. சீவக சிந்தாமணியில் காட்டில் எதிர்ப்பட்ட வேடனைச் சீவகன் இகழ்ந்து துரத்தவில்லை, ஊனும் கொலையும் விட்டால் வரும் நன்மையை அமர்ந்து எடுத்துக் கூறினான், வேடனும் விட்டான். நம் சொல்லுக்கு அவ்வளவு வலிமை இல்லாதிருக்கலாம். முயல்வதில் இழப்பில்லை.

கோடையில் வழிதவறி மான் ஊருக்குள் வந்துவிட்டால் சிறுவர்களைக் கூட்டிக் கொண்டு சூழ்ந்து நிற்காதீர்கள். துரத்தப்பட்ட மான், காயம் ஏதுமின்றியே அச்ச மிகுதியால் இறந்துவிடக் கூடும். நாய்களைக் கட்டிப் போட்டு, வனத்துறையினர் வரும்வரை அமைதியாக விலகி நிற்பதே உதவி. புதரடியில் தனித்துக் கிடக்கும் மறியைத் தாயற்றது என்று எண்ணி வீட்டுக்குத் தூக்கி வருவாரும் உளர். தாய் தொலைவில் மேய்ந்து கொண்டிருக்கும், மாலையில் வரும். தொடாமல் வந்துவிட வேண்டும்.

அந்த 3 ஏக்கர் புஞ்சையின் வடமூலையில் கைவிடப்பட்ட பாசனக் கிணறு ஒன்று உண்டு என்றும், அதற்குக் கைப்பிடிச் சுவர் இல்லை என்றும் பெரியவர் தம் மடலின் இறுதியில் போகிற போக்கில் எழுதியிருந்தார். நீர் தேடி இரவில் வரும் மான் தரைமட்டக் கிணற்றில் விழுவது வறண்ட மாவட்டங்களில் கோடைதோறும் நிகழ்வது. நிலத்தைக் குத்தகைக்கு விடுமுன், கிணற்றைச் சுற்றி இடுப்பளவுக்குச் சுவர் எழுப்பிவிடுமாறு அவரைக் கேட்டுக் கொள்கிறோம். கல் அந்நிலத்திலேயே கிடக்கிறது. கொத்தனார் கூலி மட்டுமே செலவு. வைகாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று தள்ளிப்போட வேண்டா. பங்குனியிலேயே அங்குக் குட்டைகள் வற்றத் தொடங்கிவிடும்.